செயினின் தளர்வு சொல்லும் கணக்கு

பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் நடுவில் ஒரு விரலை வைத்து மேலே தள்ளுங்கள். பிறகு கீழே இழுங்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்ட 100 சிசி வண்டியில் செயின் மேலும் கீழுமாக மொத்தம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆடும். வண்டியை சர்வீசுக்கு விடும்போது "செயின் லூசா இருக்கு, டைட் பண்ணிடுங்க" என்று நாம் சொல்வது இந்த ஆட்டத்தைப் பற்றித்தான்.

அந்த ஆட்டம் முழுதும் போய்விட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். செயின் இழுபட்டு நீண்டுவிட்டதால்தான் ஆடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. அந்த மூன்று சென்டிமீட்டரைக் கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். அது கூடுவதற்கும் எஃகுத் தகடுகள் நீள்வதற்கும் தொடர்பு இல்லை. செயினுக்குள், கண்ணால் பார்க்கவே முடியாத இடத்தில் நடக்கும் தேய்மானத்தை அந்த ஆட்டம் வெளியே காட்டுகிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்தத் தேய்மானத்தை, எந்தக் கருவியும் இல்லாமல், உங்கள் விரலே அளந்துவிடுகிறது. அது எப்படி என்று புரிந்துகொண்டால் ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்கேல், கொஞ்சம் எண்ணெய் மட்டும் வைத்து வீட்டிலேயே செயினை நெடுநாள் காப்பாற்றலாம்.

ஒரு கண்ணிக்குள் என்ன இருக்கிறது?

பைக் செயினைத் தூரத்திலிருந்து பார்த்தால் எட்டு வடிவத் தகடுகளின் வரிசை மட்டுமே தெரியும். பிரித்துப் பார்த்தால் ஐந்து வகை உறுப்புகள் உண்டு: உள்தகடு, வெளித்தகடு, எஃகு ஆணி, புஷ், உருளை. இரண்டு வெளித்தகடுகளை ஆணிகள் இறுகப் பிணைக்கின்றன. இரண்டு உள்தகடுகளைப் புஷ் என்னும் குட்டையான எஃகுக் குழாய்கள் பிணைக்கின்றன. ஆணி புஷ்ஷுக்குள் நுழைந்து நிற்கிறது. புஷ்ஷைச் சுற்றி உருளை தளர்வாகச் சுழல்கிறது. பல்சக்கரத்தின் பல்லைத் தொடுவது இந்த உருளைதான். உரசாமல் உருண்டு உட்காருவதால் பல்லும் உருளையும் குறைவாகவே தேயும்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். 1852இல் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்தவர். 1873இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தார். பஞ்சாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்லேட்டரின் தொழிலை 1879இல் வாங்கினார். ஸ்லேட்டரின் செயினில் உருளை இருந்தது, புஷ் கிடையாது. செயினை இழுக்கும்போது ஆணியின்மேல் விழும் பாரம் முழுவதையும் மெல்லிய தகடுகளில் உள்ள ஓட்டைகளின் விளிம்பே தாங்க வேண்டியிருந்தது. அந்த இடம் சீக்கிரம் அரித்துப்போகும். ரெனால்ட் புஷ்ஷைச் சேர்த்ததும் அதே பாரம் ஆணியின் அகலம் முழுக்கப் பரவியது. 1880இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் சேர்த்தது ஒரு சிறு குழாய்தான். ஆனால் ஐந்தே ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தமது ரோவர் சைக்கிளின் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டினார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் அதுவே அடிப்படை.

புஷ் என்ன செய்கிறது என்பதை எண்ணால் பார்க்கலாம். நம் ஊர்ச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 428 என்று குறிக்கப்படும் செயின் இருக்கும். முதல் இலக்கமான 4, ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைக் குறிக்கிறது: எட்டில் நான்கு பங்கு அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பெரிய வண்டிகளின் 520, 525, 530 செயின்களில் அந்தத் தூரம் எட்டில் ஐந்து பங்கு அங்குலம், 15.875 மில்லிமீட்டர். 428 செயினின் ஆணி ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் தடிமன். புஷ் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளம். ஆக, பாரம் தாங்கும் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். புஷ் இல்லாமல் தகடுகளே தாங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஒரு கிலோமீட்டரில் எத்தனை மடிப்பு?

ஒரு 100 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்பக்கப் பல்சக்கரத்தில் 14 பல், பின்பக்கத்தில் 44 பல், செயினில் 104 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் திருப்புவிசை 8 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது ஏறத்தாழ பத்து மடங்காகப் பெருகி முன்பல்சக்கரத்துக்கு வருகிறது. அந்தச் சக்கரத்தின் ஆரம் 28.5 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் செயினை இழுக்கும் விசை 2,800 நியூட்டன் வருகிறது. 280 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். மேட்டில் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஆணிகள் ஒவ்வொன்றும் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

தாங்கிக்கொண்டே மடங்கவும் வேண்டும். செயின் ஒரு முழுச் சுற்று வரும்போது ஒவ்வொரு இணைப்பும் நான்கு தடவை மடங்கி நிமிர்கிறது: முன்பல்சக்கரத்தில் ஏறும்போது, இறங்கும்போது, பின்பல்சக்கரத்தில் ஏறும்போது, இறங்கும்போது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் நொடிக்கு ஒன்பது தடவை சுற்றும். அதனோடு சுற்றும் பல்சக்கரத்தின் 44 பற்களையும் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 400 கண்ணிகள் அதன்மேல் ஏறுகின்றன. ஒரு கிலோமீட்டர் போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு இணைப்பும் 900 தடவைக்குமேல் மடங்கிவிடும். 20,000 கிலோமீட்டர் ஓடிய செயினில் ஒவ்வோர் ஆணியும் தன் புஷ்ஷுக்குள் ஒரு கோடியே எண்பது லட்சம் தடவை அசைந்திருக்கும்.

எல்லா மடிப்பும் ஒரே அளவு கிடையாது. 14 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 25.7 பாகை திரும்புகிறது. 44 பல் சக்கரத்தில் 8.2 பாகைதான். அதனால் தேய்மானத்தின் பெரும்பங்கு முன்பல்சக்கரத்தில், அதுவும் இறுக்கமாக இருக்கும் மேல்பக்கச் செயின் ஏறும் இடத்தில் நடக்கிறது.

இன்னொன்றும் அங்கே நடக்கிறது. பல்சக்கரத்தின்மேல் உட்கார்ந்த செயின் முழு வட்டமாக வளைவதில்லை. 14 பக்கம் கொண்ட பலகோணமாக உட்காருகிறது. பலகோணத்தின் மூலை மையத்திலிருந்து சற்றுத் தள்ளியும், பக்கத்தின் நடுப்பகுதி சற்று நெருங்கியும் இருக்கும். ஆகவே எஞ்சின் ஒரே சீராகச் சுற்றினாலும், பல்லுக்குப் பல் செயினின் வேகம் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் ஏறி இறங்குகிறது. பல் எண்ணிக்கை 17 ஆனால் அது 1.7 சதவீதமாகக் குறையும். முன்பல்சக்கரத்தை மிகச் சிறியதாக வைக்க வடிவமைப்பாளர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம். அந்த ஏற்ற இறக்கம் முழுக்க எஃகின்மேல் அடியாக விழாமல் இருக்கச் செயினில் சிறிது தளர்வு தேவை.

விரல் எப்படி அளக்கிறது?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ஒவ்வோர் இணைப்பிலும் ஆணியும் புஷ்ஷும் சேர்ந்து 0.01 மில்லிமீட்டர் தேய்ந்ததாக வைத்துக்கொள்வோம். தலைமுடியின் தடிமனில் அது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். செயினில் 104 இணைப்பு உண்டு. எல்லாம் கூடினால் செயின் ஒரு மில்லிமீட்டர் நீளும். ஒன்றே கால் மீட்டருக்குமேல் நீளமுள்ள செயினில் ஒரு மில்லிமீட்டரை யார் கண்டுபிடிப்பார்கள்?

தளர்வு கண்டுபிடிக்கும். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே கீழ்ச்செயின் 47 சென்டிமீட்டர் நீளம் ஓடுகிறது என்று கொள்வோம். நடுவில் விரலால் தள்ளும்போது அது இரண்டு செங்கோண முக்கோணங்களாகிறது. செயின் கர்ணம், சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதி அடிப்பக்கம், விரல் தள்ளிய உயரம் மூன்றாவது பக்கம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். நேர்கோட்டிலிருந்து மேலே 15, கீழே 15 என மொத்தம் 30 மில்லிமீட்டர் ஆட, செயினில் எவ்வளவு கூடுதல் நீளம் இருக்க வேண்டும்? ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த ஒன்று இன்னொரு மில்லிமீட்டர் கூடி இரண்டு ஆனால் ஆட்டம் எவ்வளவு ஆகும்? 43 மில்லிமீட்டர்.

அதாவது ஒவ்வோர் இணைப்பிலும் நடந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்மானம், விரலுக்கு 13 மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரிகிறது. ஆயிரத்து முந்நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி அது. எந்த மின்னணுக் கருவியும் இல்லை; கண்ணிகளின் எண்ணிக்கையும் முக்கோணத்தின் இயல்பும் சேர்ந்து இதைச் செய்கின்றன.

இதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. பின்சக்கர அச்சை ஒரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் மேல்செயின், கீழ்ச்செயின் இரண்டிலும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் தளர்வு போய்விடும். 30 மில்லிமீட்டர் ஆட்டத்தை முழுக்க இல்லாமலாக்க அச்சு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். அச்சை நகர்த்தும் அட்ஜஸ்டர் நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அச்சு பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றேகால் மில்லிமீட்டர் நகரும். "இன்னும் ஒரு சுற்று இருக்கட்டும்" என்று திருப்பினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

தளர்வு ஏன் வேண்டும்?

பின்சக்கரம் மேலும் கீழும் ஆடுவது, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் தயவில். அந்த ஆர்ம் ஒரு புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறது. முன்பல்சக்கரத்தின் மையம் அந்தப் புள்ளியிலேயே இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் பல்சக்கரம் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. ஆக மூன்று மையங்கள்: முன்பல்சக்கரம், ஆர்ம் சுழலும் புள்ளி, பின்அச்சு. வண்டி காலியாக நிற்கும்போது இம்மூன்றும் நேர்கோட்டில் இருப்பதில்லை. நாம் ஏறி உட்கார, பின்னால் ஒருவரும் உட்கார, ஷாக் அப்சார்பர் அமுங்க, மூன்றும் ஒரே கோட்டுக்கு வருகின்றன. பல்சக்கரத்துக்கும் பின்அச்சுக்கும் இடையே தூரம் மிக அதிகமாக இருப்பது அந்தக் கணத்தில்தான். செயின் மிக இறுக்கமாக இருப்பதும் அப்போதுதான்.

அந்தத் தூர வித்தியாசம் சின்ன வண்டியில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். செயினுக்கு அதுவே பெரிது. மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் என்று நாம் பார்ப்பது, அந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். ஸ்டாண்டில் நிற்கும்போது ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால், முதல் வேகத்தடையில் சக்கரம் மேலே எழும்போது செயின் கொடுக்க வேண்டிய நீளம் அதனிடம் இருக்காது. அந்த விசை கியர்பாக்ஸின் வெளித்தண்டையும் அதன் பேரிங்கையும், சக்கரத்தின் பேரிங்கையும், செயினின் ஒவ்வோர் ஆணியையும் போய்ச் சேரும். தளர்ந்த செயின் சத்தம் போட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். இறுகிய செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் தவறு நேர்வதானால் தளர்வின் பக்கம் நேர்வது மேல்.

அதற்காக அளவுக்கு மீறிய தளர்வு ஆபத்தில்லை என்று பொருளில்லை. 50, 60 மில்லிமீட்டர் ஆடும் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும், கவரில் அடிக்கும், கழன்று சக்கரத்துக்கும் ஆர்முக்கும் நடுவே சிக்கினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுவிடும். எனவே உங்கள் வண்டியின் கையேட்டிலோ, ஆர்மில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும். பல சின்ன வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மில்லிமீட்டர். ஷாக் அப்சார்பர் அதிகம் அமுங்கும் வண்டிகளுக்கு இன்னும் கூடும். சென்டர் ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டுமா, சைடு ஸ்டாண்டில் வைத்தா என்பதையும் கையேட்டில் பாருங்கள். நிறுத்தும் விதம் மாறினால் ஆர்மின் கோணம் மாறும், தளர்வும் மாறும்.

வீட்டில் சரிசெய்யும் முறை

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் கியர் போட்டு ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணியை வைத்துத் துடைப்பவர்களையும் எண்ணெய் விடுபவர்களையும் பார்த்திருப்பீர்கள். துணியோடு சேர்ந்து விரல் பல்சக்கரத்துக்குள் போக ஒரு நொடிகூட வேண்டாம். ஐட்லிங்கில் சுற்றும் செயினுக்குக்கூட விரலைத் துண்டிக்கும் விசை உண்டு. சக்கரத்தை எப்போதும் கையால்தான் சுற்ற வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, நாலைந்து இடங்களில் தளர்வைப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது. இணைப்புகள் ஒரே சீராகத் தேய்வதில்லை. பல்சக்கரத்தின் வட்டமும் துல்லியமாக மையத்தில் இருப்பதில்லை. எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அளவு வைக்க வேண்டியது அங்கேதான். தளர்ந்த இடத்தில் அளவு வைத்தால் இறுக்கமான இடம் வரும்போது செயின் கம்பிபோல் விறைத்துவிடும்.

அடுத்து ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். பல 100 சிசி வண்டிகளில் பல்சக்கரப் பக்கம் ஸ்லீவ் நட் என்று இன்னொன்றும் இருக்கும். அதையும் தளர்த்தாவிட்டால் அச்சு நகராது. பிறகு இருபக்க அட்ஜஸ்டர்களின் லாக் நட்டைத் தளர்த்தி, இடப்பக்கம் கால் சுற்று, வலப்பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருப்புங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் தளர்வை அளந்து பாருங்கள். 43 மில்லிமீட்டரிலிருந்து 30க்கு வர அச்சு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். பெரும்பாலும் அரைச் சுற்றில் முடிந்துவிடும்.

ஆர்மின் இரு பக்கமும் கோடுகள் செதுக்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முன்னும் மற்றொரு பக்கம் பின்னுமாக இருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும். பல்சக்கரப் பற்களின் ஒரு பக்கம் உள்தகட்டோடு உரசும். பின்பல்சக்கரத்தின் பற்களைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு முகம் மட்டும் கண்ணாடியாய்ப் பளபளத்தால் அச்சு நேராக இல்லை என்று பொருள்.

இப்போது ஆக்சில் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அச்சு சற்று நகரும் என்பதால் தளர்வை மறுபடியும் அளக்க வேண்டும். இந்த ஒரு படியைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறோம். சரியாக இருந்தால் லாக் நட்டுகளையும் இறுக்கி முடியுங்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால், அச்சு பின்னால் போனதும் பிரேக் ராடும் இழுபடும். பெடலை மிதிக்காமலே பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். டிரம் சூடாகும், மைலேஜ் குறையும். ராடின் நுனியில் உள்ள நட்டைத் திருப்பிப் பெடலின் ஆட்டத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள். கடைசியாகச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடங்கலின்றிச் சுற்ற வேண்டும்.

எண்ணெய் எங்கே போக வேண்டும்?

தேய்மானம் நடப்பது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். ஆகவே எண்ணெய் சேர வேண்டிய இடமும் அதுதான். செயினின் வெளிப்புறத்தில் அப்பிய கிரீஸ் அங்கே போய்ச் சேராது. வெளியே ஒட்டிக்கொண்டு தெருப்புழுதியைப் பிடித்து வைக்கும். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. கடினமாக்கிய எஃகையே அது கீறும். எண்ணெயோடு கலந்து இடுக்குக்குள் புகுந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஆணியை அரம்போல் ராவும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுவதும் நல்லதில்லை. அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும்.

முதலில் சுத்தம். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷால் தகடுகளையும் உருளைகளையும் தேய்த்து, துணியால் துடைத்து, உலரவிடுங்கள். உங்கள் வண்டியில் ஓ-ரிங் செயின் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வகையில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, தகடுகளுக்கு இடையே ரப்பர் வளையம் போட்டு அடைத்திருப்பார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த வளையத்தைக் கெடுக்கும். வளையம் கிழிந்தால் உள்ளே உள்ள கிரீஸ் போய்விடும். அதை வெளியிலிருந்து நிரப்ப முடியாது. அதற்கென்று விற்கும் கிளீனரோ மண்ணெண்ணெயோ போதும். இத்தகைய செயினுக்கு நாம் எண்ணெய் விடுவது உருளைகளுக்காகவும், துரு பிடிக்காமல் இருக்கவும், ரப்பர் காயாமல் இருக்கவும்தான்.

வண்டியை ஓட்டி வந்த சூட்டோடு எண்ணெய் விடுவது நல்லது. வெதுவெதுப்பான எஃகில் எண்ணெய் இளகி இடுக்குக்குள் எளிதாக இறங்கும். 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் லூப் ஸ்பிரே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்செயினின் உட்பக்கத்தில், அதாவது மேலே பார்த்த பக்கத்தில், உள்தகடும் வெளித்தகடும் சந்திக்கும் இடுக்கில் விடுங்கள். இரண்டு ஓரத்திலும் விட வேண்டும். வண்டி ஓடும்போது சுழற்சியின் வேகம் எண்ணெயை வெளிப்புறமாகத் தள்ளும். உள்ளே விட்டால் இணைப்புகள் வழியாக வெளியே வரும், வெளியே விட்டால் சட்டையில் தெறிக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி எல்லாக் கண்ணிக்கும் விட்டபிறகு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியில் பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே போக வேண்டியது போயிருக்கும்.

எண்ணெய் விட்டால் மைலேஜ் எகிறும் என்று சொல்வார்கள். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் தலைமையிலான குழு சைக்கிள் செயின்களை ஆய்வகத்தில் ஓட்டி, அகச்சிவப்புக் கேமராவால் அவற்றின் சூட்டையும் படம் பிடித்துப் பார்த்தது. நல்ல நிலையில் செயின் 98.6 சதவீதம்வரை ஆற்றலைக் கடத்தியது. சுத்தமான அந்த ஆய்வகச் சூழலில் எண்ணெய் போட்டதாலும் போடாததாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெயின் உண்மையான வேலை வேறு. மணலும் மழையும் உள்ள சாலையில் அது ஆணியைத் தேயாமல் காக்கிறது, துருவைத் தடுக்கிறது. செயினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே அறிய ஒரு வழி உண்டு. தகடுகள் சந்திக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் பரவாயில்லை. செம்பழுப்பு நிறத்தில் பொடி கசிந்திருந்தால், அந்த இணைப்புக்குள் ஆணியும் புஷ்ஷும் எண்ணெயின்றி உரசுகின்றன. உதிர்ந்த இரும்புத் துகள் துருவாகி வெளியே வருகிறது. ஒரு கண்ணி மட்டும் நேராகாமல் மடங்கியபடியே விறைத்து நின்றாலும் காரணம் அதுவே. மழையில் நனைந்து ஓட்டியபின், கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் நிறுத்தியபின், இதைப் பார்த்துவிடுவது நல்லது. சாதாரண ஓட்டத்தில் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை எண்ணெய் விடலாம். முழுக் கவர் உள்ள வண்டியில் செயின் மண்ணிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் கண்ணில் படாததால் மறந்துபோகவும் வாய்ப்பு அதிகம். கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் செயினைப் பார்க்கலாம், அளக்கலாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஸ்கேலை எடுங்கள். செயினை இறுக்கமாகப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணி, 21ஆவது ஆணியின் நடுவரை அளங்கள். இடையில் 20 கண்ணி. புதிய 428 செயினில் இது சரியாக 254 மில்லிமீட்டர். 259 வந்தால் ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடிவிட்டது; அந்தச் செயினின் காலம் முடிந்தது. முழு நீளத்துக்குக் கணக்கிட்டால் அது 26 மில்லிமீட்டர், அதாவது இரண்டு கண்ணிக்கும் அதிகம்.

"ரெண்டு லிங்க் எடுத்துட்டா சரியாயிடும்" என்று சில இடங்களில் செயினை வெட்டிக் கொடுப்பார்கள். மொத்த நீளம் குறையும், தளர்வும் போய்விடும். ஆனால் மீதியுள்ள ஒவ்வோர் இணைப்பும் தேய்ந்தது தேய்ந்ததுதான். 12.7 மில்லிமீட்டருக்கு ஒரு பல் என்று வெட்டிய சக்கரத்தில், சராசரியாக 12.95 மில்லிமீட்டருக்கு ஒரு கண்ணி உள்ள செயின் பொருந்தாது. அது பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறும். 44 பல் சக்கரத்தில் அப்படி ஏறும் உயரம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். பாரம் பல பற்களில் பரவாமல் ஓரிரு பற்களின் நுனியில் விழும். பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூர்மையாகும். பின்பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் விலகினால் தேய்மானம் முற்றிவிட்டது.

பழைய பல்சக்கரத்தில் புதிய செயினைப் போட்டால், வளைந்த பற்கள் புதிய உருளைகளையும் புஷ்களையும் சீக்கிரமே கெடுத்துவிடும். அதனால்தான் முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம், செயின் மூன்றையும் செட்டாகவே மாற்றச் சொல்கிறார்கள். புதிய செயினில் கிளிப் லாக் இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

ஆணியின் மேற்பரப்பை மட்டும் மெல்லிய அடுக்காகக் கடினமாக்கியிருக்கிறார்கள். உள்ளே உள்ள எஃகு சற்று மென்மையானது. அதனால் செயினின் வாழ்க்கை மூன்று கட்டமாகப் போகிறது. புதிதில் மேடு பள்ளங்கள் தேய்ந்து கொஞ்சம் வேகமாகத் தளரும். பிறகு நெடுங்காலம் மெதுவாகத் தேயும். கடினமான அடுக்கு தீர்ந்தபின் மறுபடி வேகமெடுக்கும். இந்த மூன்றாம் கட்டம் தொடங்கிவிட்டதை அறிய ஒரு சிறு குறிப்பேடு போதும். செயினைச் சரிசெய்யும் ஒவ்வொரு தடவையும் ஓடோமீட்டரின் எண்ணையும், சரிசெய்வதற்கு முன் இருந்த தளர்வையும் எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஓடிய கிலோமீட்டர் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்வரை செயின் நன்றாக இருக்கிறது. எண்ணெய் விட்டு, கால் சுற்று திருப்பி, தாராளமாக ஓட்டலாம். அந்த இடைவெளி மளமளவென்று குறையத் தொடங்கினால் அட்ஜஸ்டரில் இன்னும் இடம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அடுத்த நெடும்பயணத்துக்கு முன் செட்டை மாற்றிவிடுங்கள்.